உப்புக்காற்று மேசையில் இருந்தபோது

ஜூன் 9, ஞாயிறு

நான் தோற்கவில்லை. என்னைத் தோற்கடித்தார்கள்.

ஆழிப்போர் சீட்டு விளையாட்டின் மண்டலப் போட்டி. காந்திபுரத்தில் ஒரு மினி ஹால். காலை ஒன்பது மணிக்கு அறுபத்திரண்டு பேர் உட்கார்ந்தோம். மாலை நாலு மணிக்கு மிச்சம் இரண்டு பேர், நானும் திருப்பூர் ஆல்வினும். ஜெயித்தவர் செப்டம்பரில் பெங்களூரில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போவார். தோற்றவருக்கு ஒரு டீ சர்ட். அதை பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன ஏது என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

கோயம்புத்தூரில் எவனுக்கு விதியில் சந்தேகம் வந்தாலும் "வாணியைக் கேளு" என்பார்கள். ஏழு வருடமாக அப்படித்தான். அப்படிப்பட்ட என்னிடம் நடுவர் நஞ்சுண்டன் விதி சொல்கிறார்! வரி ஆலோசகர் ஆபீஸில் ஃபைல் அடுக்குகிற மனுஷன். நடுவர் பேட்ஜ் குத்தி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வாயைத் திறந்தார், ஒரு வாக்கியம் சொன்னார், முடிந்தது என் வருடம்.

கத்தினேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

"ஏன் கண்ணு, மூஞ்சி இப்பிடி இருக்குது? சீட்டாட்டத்துல தோத்துட்டியாக்கும்?" என்றாள் அம்மா. சீட்டாட்டமாம். முப்பத்தொரு வயசுப் பெண் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிளப்பில் ரம்மி ஆடிவிட்டு வந்தது போல.

சாப்பிடவில்லை.

ஜூன் 10, திங்கள்

பம்ப் கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்ட்டரில் ஒன்பது மணி நேரம். அரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கு ஒரு குதிரைத்திறன் இம்பெல்லர் சக்கரம் கேட்டு ஒருவர் அடம்பிடித்தார். "பொருந்தாதுங்க" என்று நாலு முறை சொன்னேன். ஐந்தாம் முறை நான் சொன்ன விதம் மேனேஜர் காது வரைக்கும் போய்விட்டது.

ஜூன் 12, புதன்

ஆத்திரத்தில் எழுதினால் கேஸ் நிற்காது. நிதானமாக, சீட்டே தொடாத ஒருவருக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

மூன்று சீட்டுகள். முதலாவது உப்புக்காற்று. அது மேசையில் இருக்கும்வரை கடல் மிருகங்களுக்குச் சக்தி கிடையாது. மிருகம் இருக்கும், ஆனால் அதன் மேல் எழுதியிருப்பது எதுவும் செல்லாது. இரண்டாவது கிழத்திமிங்கலம். அது மூழ்கினால், அதாவது மேசையை விட்டுப் போனால், எதிராளிக்கு ஆறு அடி, ஆறு உயிர் போகும். இதுதான் அதன் சக்தி. மூன்றாவது ஊழியலை. மேசையில் இருக்கும் எல்லாச் சீட்டும் ஒரே நேரத்தில் மூழ்கும்.

இறுதியாட்டத்தில் என் பக்கம் உப்புக்காற்று. ஆல்வின் பக்கம் கிழத்திமிங்கலம். எனக்கு ஐந்து உயிர்தான் மிச்சம். ஆல்வின் ஊழியலையை இறக்கினான். காற்றும் போச்சு, திமிங்கலமும் போச்சு, எல்லாம் ஒரே நேரத்தில். "திமிங்கலம் மூழ்கிருச்சுங்க, ஆறு அடி" என்றான்.

அடி கிடையாது! மூழ்கும்போது திமிங்கலத்துக்குச் சக்தியே இல்லையே. காற்று மேசையில் இருந்ததே. சக்தியோடு மூழ்கினால்தானே அடி? விதி 41 தெளிவாகச் சொல்கிறது: ஒரு சீட்டு மேசையை விட்டு நீங்கும்போது நடக்கும் விளைவுக்கு, அது நீங்குவதற்குச் சற்று முன் மேசை இருந்த நிலையே கணக்கு. பின்னால் வந்த நிலை இல்லை. முன் நிலை.

நஞ்சுண்டனைக் கூப்பிட்டோம். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காத்தும் சேந்து போயிருச்சுங்க. இப்பத் தடுக்கறதுக்கு ஆருமில்ல. அடி விழும்" என்றார்.

ஆறு அடி. என்னிடம் ஐந்து உயிர்.

பெங்களூர் விதிக்குழுவுக்கு முறையீடு அனுப்ப இருபத்தொரு நாள் அவகாசம். நடுவர் சொன்னது தப்பு என்றால் இறுதியாட்டத்தை மறுபடி வைப்பார்கள். முன்பு ஒருமுறை வைத்திருக்கிறார்கள். நடந்ததை நடுவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றும் கூடவே போக வேண்டும். எழுதித்தான் ஆக வேண்டும் அவர்.

ஜூன் 15, சனி

பெனாசிர் ஃபோன் எடுக்கவில்லை. ஆறு நாளாகப் பதினொரு முறை.

என்ன தோழி இவள்? ஒன்பது வருடப் பழக்கம். எனக்கு ஆழிப்போர் பழக்கிவிட்டதே அவள்தான். உக்கடத்தில் அவள் வீட்டு மொட்டை மாடியில் எத்தனை ஞாயிறு ஆடியிருப்போம். எனக்கு இப்படி ஒரு அநியாயம் நடந்திருக்கிறது, ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அரையிறுதியில் என்னிடம் தோற்ற வருத்தமாக இருக்கலாம். விளையாட்டு என்றால் ஒருவர் தோற்கத்தானே வேண்டும்? அதற்கு இப்படியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது?

அவள் வேலை செய்யும் பல் கிளினிக்குக்கும் கூப்பிட்டேன். "சிஸ்டர் உள்ள இருக்காங்க" என்று வைத்துவிட்டார்கள். சிஸ்டர் உள்ளேயே இருக்கட்டும்.

ஜூன் 16, ஞாயிறு

ஆர்.எஸ்.புரம் சீட்டுக் கடைக்குப் போனேன். வழக்கமாக ஆடுகிற பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். என் விதிப்புத்தகத்தை மேசையில் விரித்து 41-ஐக் காட்டினேன். பிப்ரவரியில் புதியவர்களுக்கு வகுப்பு எடுத்தபோதே பச்சை மையில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே சின்னதாகத் திமிங்கலப் படம்.

எல்லாரும் படித்தார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். "அட ஆமாங்க, ஜட்ஜு தப்பாச் சொல்லிட்டாரு" என்று கடைக்காரரே சொன்னார்.

நஞ்சுண்டனும் அங்கே இருந்தார். புத்தகத்தை வாங்கி ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பச்சைக் கோட்டை விரலால் தடவினார்.

"பிப்ரவரில போட்டதுங்களா இது?"

"ஆமா. உங்களுக்கு நடுவர் பரீட்சையில இதெல்லாம் கேக்க மாட்டாங்களா?"

"கேட்டாங்க" என்றார். மேலே ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. பதினைந்து பேர் முன்னால் இரண்டு நிமிஷம் பேசினேன். முட்டாள் என்ற வார்த்தையை நேரடியாகச் சொல்லவில்லை. சொன்னதற்குச் சமம். அவர் மன்னிப்புக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

நல்லா வேணும்.

ஜூன் 19, புதன்

பதினொரு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர். காலை ஐந்தரைக்கு எழுந்து டிரம், குடம், சொம்பு வரைக்கும் பிடித்து வைத்தோம். இடுப்பு போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார். கேட்டால் "எல்லாரும் பண்றதுதானுங்க" என்கிறார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன். அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். "இந்த ரண்டு வாரமா உனக்கு என்னதான் ஆச்சு?" என்றாள்.

முறையீட்டுப் படிவத்தை எடுத்தேன். ஒன்று முதல் ஆறு வரை பெயர், தேதி, சீட்டுகள், நடுவர் சொன்னது, நான் சொன்னது, விதி எண். எல்லாம் கல்லில் செதுக்கியது போல வந்துவிட்டது.

ஏழாவது: "இதே சீட்டுகள் அன்று நீங்கள் ஆடிய வேறு ஆட்டத்தில் சந்தித்தனவா? ஆம் எனில் விவரம் எழுதவும்."

எதற்கு இந்தக் கேள்வி? சம்பந்தமே இல்லை. நாளை பார்க்கலாம்.

ஜூன் 20, வியாழன்

ஏழுக்கு "இல்லை" என்று எழுதினேன்.

ஜூன் 23, ஞாயிறு

நஞ்சுண்டன் வீடு பீளமேட்டில். இரண்டு அறை. அவர் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து ஸ்கூட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கடையில் நடந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். மேசை நிலை, தான் சொன்ன தீர்ப்பு, அது தவறு என்று இப்போது தெரிகிறது, எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். நன்றி சொல்லி எழுந்தேன்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க" என்றார்.

"கேளுங்க."

"அரையிறுதியில நான் உங்க மேசைக்குப் பின்னாலதானுங்க நின்னுட்டு இருந்தேன்."

நான் உட்காரவில்லை. தாள் கையில் இருந்தது.

"அங்கயும் இதே மூணு கார்டுதானுங்க. காத்து பெனாசிரோடது. திமிங்கலம் உங்களுது. அலையை இறக்குனது நீங்க. அந்தப் புள்ள கேட்டுச்சு, 'திமிங்கலத்துக்குச் சக்தி இல்லையே வாணி, எப்படி அடிக்கும்?'னு. நீங்க சொன்னீங்க, 'காத்தும் சேந்து போயிருச்சில்ல, இப்பத் தடுக்கறதுக்கு ஆரு இருக்கா, அடிக்கும்'னு. அதுகிட்ட நாலு உயிர்தான் மிச்சம். அது ஜட்ஜைக் கூப்புடல. கார்டையெல்லாம் கூட்டி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு."

"நீங்க ஏன் அப்பவே சொல்லல?"

"கூப்புடாம ஜட்ஜு பேசக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்கறாங்க. அதுவுமில்லாம எனக்கே சந்தேகமாப் போயிருச்சுங்க. வாணியே சொல்றாங்களே, நாமதான் தப்பாப் படிச்சிருப்போம்னு நெனச்சேன். ரண்டு மணி நேரங்கழிச்சு இறுதியாட்டத்துல அதே கேள்வி வந்துச்சு." ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க சொன்னதைத்தானுங்க நான் திருப்பிச் சொன்னேன்."

அவர் மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதைத் தாள்ல எழுதலியே நீங்க" என்றேன்.

"அதை நீங்களே எழுதுவீங்கன்னு விட்டுட்டனுங்க."

இந்த மாதிரி நல்லவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கத்தியிருக்கலாம். கடையில் பதினைந்து பேர் முன்னால் என் மூக்கை உடைத்திருக்கலாம். வாயை மூடி வாங்கிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து எனக்காகக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார்.

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

கேஸ்கட் பெட்டி கை தவறி விழுந்து கவுன்ட்டர் முழுக்கச் சிதறியது. பொறுக்கி அளவுவாரியாகப் பிரிக்க மதியம் வரை ஆயிற்று. உதவிக்கு வந்தவர்களைத் துரத்தினேன்.

நாள் முழுக்க உட்கார்ந்து ஆடுகிறோம். காபி கூடக் கிடையாது. அரையிறுதி ஐந்தாவது ஆட்டம். அந்தச் சோர்வில் வாயில் எதுவும் வரும். மனுஷர்களுக்கு வராதா?

ஜூன் 27, வியாழன்

ஏழாவது பதிலை அழித்துவிட்டு எழுதினேன். "ஆம். அரையிறுதியில் இதே சீட்டுகள் வந்தன. நான் அவசரத்தில் விதியைத் தவறாகச் சொல்லிவிட்டேன். எதிராளி அதை ஏற்றுக்கொண்டார். நடுவரை அழைக்கவில்லை."

அனுப்பிவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை வேறு எவன் செய்திருப்பான்? இறுதியாட்டம் மறுபடி கிடைக்காது என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

பெனாசிருக்கும் செய்தி போட்டேன், "எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டேன்" என்று. பார்த்துவிட்டாள். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் இவளுக்கு?

ஜூலை 10, புதன்

விதிக்குழுவின் பதில் வந்தது. இறுதியாட்டத் தீர்ப்பு தவறு. ஆனால் அரையிறுதியே செல்லாததால் அந்த இறுதியாட்டத்தில் எனக்கு உரிமை இல்லை. ஆல்வின் பெங்களூர் போகிறான். பெனாசிருக்கு இரண்டாமிடம் என்று பதிவேட்டில் மாற்றுவார்கள். எனக்குக் கவனக்குறைவுக்காக மூன்று மாதத் தடை. நேர்மையாகத் தெரிவித்ததைப் பாராட்டி ஒரு வரி.

கடைசிப் பத்தி நஞ்சுண்டனைப் பற்றியது. தெளிவான விதியில் தவறியதால் பேட்ஜைத் திருப்பித் தர வேண்டும். ஒரு வருடம் கழித்து மறுபடி பரீட்சை எழுதலாம்.

இது என்ன நியாயம்? எனக்கு மூன்று மாதம், அவருக்கு ஒரு வருடமா? குழுவுக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடித்தேன். "உங்களோடது அவசரத்துல நடந்த தப்பு மேடம். அவர் நடுவர். அவர் தெரிஞ்சிருக்கணும்" என்றார்கள். வைத்துவிட்டேன்.

நஞ்சுண்டனைக் கூப்பிட்டேன். "பரவாயில்லீங்க. ஞாயித்துக்கெளம வூட்ல இருக்கலாம்" என்றார்.

பரவாயில்லையாம்.

ஜூலை 13, சனி

பெனாசிர் வந்தாள். மதியம் பன்னிரண்டு மணி, ஸ்பேர்ஸ் கவுன்ட்டருக்கே. கிளினிக் யூனிஃபார்மோடு, கையில் ஃபோனோடு. விதிக்குழு அவளுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறது. கவுன்ட்டரில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவள் வரிசையில் நின்றாள். அவர்களை அனுப்பி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பில்லில் மூன்று முறை தப்பாக அடித்தேன்.

முறை வந்ததும் ஃபோனைக் கண்ணாடி மேல் வைத்தாள். திரையில் என் முறையீட்டுப் படிவம்.

"அவசரத்துலன்னு எழுதியிருக்க."

"வெளிய போய்ப் பேசலாம் பெனா."

"இங்கயே பேசலாம். ஹால்ல அத்தனை பேரு முன்னாடிதானே ஏமாந்தேன். என்னடி அவசரம்? நமக்கு அப்ப ஆட்ட நேரம் இருபத்திரண்டு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு."

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதுகிறேன். "சோர்வா இருந்தேன். குழம்பிருச்சு" என்றேன்.

"குழம்பிருச்சா? பிப்ரவரில அந்தப் பக்கத்துல பச்சைக் கோடு போடும்போது பக்கத்துல யாருடி உக்காந்திருந்தது? திமிங்கலப் படம் யாரு வரைஞ்சது? நான் வரைஞ்சேன். நீ சிரிச்ச. சுறா மாதிரி இருக்குதுன்னு சொன்ன."

"அப்ப உனக்கும் விதி தெரியும். நீ ஏன் ஜட்ஜைக் கூப்பிடல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன். கோபமாகவே கேட்டேன்.

அவள் பின்னால் புதிதாக ஒரு ஆள் வந்து நின்றார், கையில் உடைந்த வால்வு. அவள் திரும்பி அவரிடம் "ரெண்டு நிமிஷம் அண்ணே" என்றாள். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல்:

"விதியை மாத்தியிருப்பாங்கன்னு நெனச்சேன். புதுப் புத்தகம் வந்திருக்கும், நான் பாக்கல, நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி ராத்திரி தேடிப் பாத்தா அதே 41 அப்படியே இருக்குது. நீ பொய் சொல்லுவேன்னு எனக்குத் தோணவே இல்ல வாணி. அந்த ஒரு யோசனைதான் வரல."

நான் கண்ணாடி மேல் கிடந்த பில்லை இரண்டாக மடித்தேன்.

"என் கையில அப்ப என்ன கார்டு இருந்துச்சு தெரியுமா? பவளப்பாறை. அடுத்த முறை என்னுது. உன் கதை முடிஞ்சிருக்கும். நீயும் கேக்கல, நானும் காட்டல. சரி, அது போகட்டும். அந்த மனுஷன் பேட்ஜைக் கழட்டிக் கொரியர்ல அனுப்பிட்டாரு. நீ இன்னும் அவசரம்னு எழுதிட்டு உக்காந்திருக்க. உனக்குப் பாராட்டு வேற குடுத்திருக்கானுங்க."

"என்ன பண்ணச் சொல்ற?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். எழுதறதை ஒழுங்கா எழுது. சொல்லும்போது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

வால்வுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். மேனேஜர் அறைக் கதவைப் பாதி திறந்து பார்த்தார்.

அவள் பதிலுக்காக நின்றாள். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

தெரியும்.

அவள் "எப்படி அடிக்கும்" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். அடிக்காது என்பதுதான் பதில். அவளுக்கு நாலு உயிர் இருந்தது, எனக்குக் கையில் ஒன்றும் இல்லை, பெங்களூர் இரண்டே ஆட்டம் தூரத்தில் இருந்தது. அவள் என்னை நம்புவாள் என்றும் தெரியும். அதனால்தான் சொன்னேன். முன்பின் தெரியாத ஆளாக இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். நடுவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

நஞ்சுண்டன் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னபோது என் வார்த்தைகள்தான் என்று அந்த நொடியே அடையாளம் தெரிந்தது. அதனால்தான் அப்படிக் கத்தினேன்.

காலையிலிருந்து எழுதிக் கிழித்து, மதியம் ஒரு வழியாக முடித்தேன். விதிக்குழுவுக்கு இரண்டாவது கடிதம்: "ஜூன் 9 அரையிறுதியில் நான் விதியைத் தவறாகச் சொன்னது அவசரத்தில் அல்ல. சொல்லும்போதே அது தவறு என்று எனக்குத் தெரியும். என் எதிராளி என் தோழி. நான் சொன்னால் நம்புவார் என்பதால் சொன்னேன். நடுவர் நஞ்சுண்டன் என் வார்த்தைகளைக் கேட்டே இறுதியாட்டத்தில் அந்தத் தீர்ப்பைச் சொன்னார். அவருக்குக் கொடுத்த தண்டனையைத் திரும்பப் பெறுங்கள்."

நகல் பெனாசிருக்கும் நஞ்சுண்டனுக்கும். கடை வாட்ஸாப் குழுவில் நானே போட்டேன். அதில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்.

அம்மா அரிசி உப்புமா செய்தாள். சாப்பிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

தடை மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடமாகிவிட்டது. பாராட்டு வரியை நீக்கிவிட்டார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

நஞ்சுண்டன் விஷயத்தில் மாற்றம் இல்லை. யார் சொல்லிக் கேட்டிருந்தாலும் நடுவர் விதியைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். விதிப்படி அது சரி. ஆனாலும் அவருக்காக மறுபடி எழுதியிருக்கிறேன். மறுபடியும் எழுதுவேன்.

கடைக் குழுவில் மூன்று பேர் என்னைத் திட்டினார்கள். ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். ஆல்வின் குழுவை விட்டு வெளியேறினான்.

சாயங்காலம் பெனாசிரிடமிருந்து செய்தி. நாற்பது நாளில் முதல் முறை.

"படிச்சேன். இப்பத்தான் சரியா எழுதியிருக்க. என்கூடப் பேசாத."

பதில் அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். "சரி" என்ற ஒரு வார்த்தைதான். அதையும் அழித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.